போடிக்காரர்கள் பார்க்காத கடைசித் துண்டு

சினிமாவில் கன்டினியூட்டி பார்க்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் நாலு பேர் போன மாதம் என் வீடு தேடி போடிக்கு வந்தீர்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நான் காப்பி போட்டுக் கொடுத்து, பஸ்சுக்கு நேரமாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பஸ்சுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எனக்கு நேரில் பேச வராது, அவ்வளவுதான் காரணம். எழுதினால் கொஞ்சம் வரும். ஐந்தாவது வரைக்கும் படித்தவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முந்தின ஷாட்டில் வலது கையில் இருந்த சொம்பு அடுத்த ஷாட்டில் இடது கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண் இருந்தால் அது வந்துவிடும். கண் பார்த்ததை எப்போது வாய் சொல்ல வேண்டும் என்பதில்தான் இந்த வேலையின் கஷ்டமெல்லாம் இருக்கிறது. முதல் படத்திலேயே நான் அதில் தவறினேன். ஒரு ரோல் பிலிம் என்னால் வீணாயிற்று. படமே நின்றுபோயிருக்க வேண்டியது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் மலையில் ஒரு படம் எடுத்தார்கள். ‘ஏலமலைக்காரி’ என்று பெயர். தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கிற வேலம்மாவும், அவளை வதைக்கிற கங்காணியும்தான் கதை. மெட்ராசில் ஒரு வாரம்கூட ஓடவில்லையாம். போடியில் வருசக்கணக்கில் ஓடியது. புதுப் படம் வராத வாரமெல்லாம் எங்கள் கொட்டகையில் அதைத்தான் போடுவார்கள். தோட்டத்துப் பெண்கள் சனிக்கிழமை ஜீப்பில் இறங்கி வந்து, சாமான் வாங்கி முடித்த கையோடு கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். வேலம்மா பேசுவதற்கு முன்பே அவள் வசனத்தை இவர்கள் பேசிவிடுவார்கள். கங்காணி டயர் செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டால் மட்டும் கொட்டகை முழுக்க அடங்கிப்போகும்.

கடைசியில் மலை உச்சிப் பாறையில் வேலம்மாவின் கம்பளியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மல்லுக்கட்டுவார்கள். கங்காணி கம்பளியைப் பிடுங்குவான். பனி வந்து மூடும். உடனே ‘வணக்கம்’ என்று எழுத்து விழுந்துவிடும். வேலம்மா தப்பித்து மலையைத் தாண்டிப் போய்விட்டாள் என்று நாங்கள் மனசு நிறைந்து எழுந்து வருவோம். நான் இருபத்தாறு தடவை பார்த்தேன்.

அப்போது நான் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தேன். சொளகில் காயைப் பரப்பி, பச்சை மாறாதது, வெளுத்தது, வெடித்தது, சின்னது, பெரியது என்று ஒதுக்க வேண்டும். நாள் முழுக்கப் பேசாமல் செய்யலாம். அதனால்தான் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

எண்பதுகளில் ஒருநாள் எங்கள் கிட்டங்கிக்கு ஸ்டுடியோ அண்ணன் வந்தார். போடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். மெட்ராசில் சில வருசம் சினிமாவில் உதவியாளாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவரும் எங்களைப் போலவே அந்தப் படத்தைப் போடிக் கொட்டகையில் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்தான். வேலம்மா மலையைத் தாண்டிப் போனாளே, பிறகு என்ன ஆனாள் என்று இரண்டாவது படம் எடுக்கப் போவதாகச் சொன்னார். பழைய தயாரிப்பாளரைப் பார்த்து அனுமதி கேட்டாராம். அவர் கடகடவென்று சிரித்துவிட்டு, ‘தாராளமா எடுத்துக்கோ’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். ஏன் சிரித்தார் என்று அண்ணனுக்கும் விளங்கவில்லை.

அண்ணனுக்கு இருந்த சிக்கல் வேறு. பழைய படத்தை இன்னொரு தடவை பார்க்க வழியில்லை. போடியில் ஓடிய பிரதி கிழிந்து தேய்ந்து, அதை விநியோகக்காரர்கள் எப்போதோ வாங்கிப் போய்விட்டார்கள். மெட்ராசிலும் கிடைக்கவில்லை. அதனால் படத்தை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிற ஆள் வேண்டும் என்று தேடி வந்திருந்தார். வேலம்மா கங்காணியை அறைகிறபோது எந்தக் கையில் வளையல் இருந்தது என்று பெண்களைக் கேட்டார். பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். நான் பக்கத்தில் இருந்த ராசாத்தியின் காதில் சொன்னேன்.

“அண்ணே, இவ சொல்றா, வளையலே இல்லையாம். அதுக்கு முந்தியே காய் மூட்டை தூக்குறப்ப உடைஞ்சு போச்சாம்” என்றாள் ராசாத்தி.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “அடுத்ததை அவளையே சொல்லச் சொல்லு” என்றார்.

“அவ சொல்ல மாட்டாண்ணே. வேணும்னா நானும் கூட வர்றேன்.”

அப்படித்தான் நான் சினிமாவுக்கு வந்தேன். ராசாத்தி வரவில்லை, அவளுக்கு வீட்டில் சோலி இருந்தது.

முதல் ஐந்து நாள் மெட்ராசிலிருந்து தலை நரைத்த ஒருவர் வந்து எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தார். அவர் பெயரைக் கடைசிவரைக்கும் நான் கேட்கவே இல்லை. எல்லாரும் சார் என்றார்கள், நானும் மனதுக்குள் சார் என்று சொல்லிக்கொண்டேன். நான் வேகமாக எழுத முடியாமல் நோட்டில் பொம்மை போட்டு வைப்பதைப் பார்த்து, அதுவே போதும் என்றார். இரண்டாம் நாள், வேலம்மாவின் கூடைக்கயிறு ஒரு ஷாட்டில் தோள் மாறியிருந்ததை நான் சாயங்காலம் ஜீப்பில் ஏறும்போது அவரிடம் மெல்லச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“கேமரா ஓடறதுக்கு முன்னாடி சொன்னாத்தாம்மா அது வேலை. முடிஞ்சப்புறம் சொன்னா ஊர்வம்பு” என்றார்.

எனக்குப் பேச வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால் ஒரு வழி செய்து கொடுத்தார். நான் கையைத் தூக்கினால், காரணம் கேட்காமல் கேமரா நிற்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கை ஒன்றுதான் எனக்குக் கிடைத்த அதிகாரம்.

பழைய படத்தில் வேலம்மாவாக நடித்தவரே இதிலும் நடிக்க வந்தார். மதுரைப் பக்கம் நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை அக்கா என்போம். அவர் போடியில் பஸ்சை விட்டு இறங்கியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு வயதான அம்மா அவர் கன்னத்தைத் தடவி, “இத்தனை வருசமா எங்கிட்டு ஆத்தா போயிருந்த?” என்று கேட்டாள். அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மலைக்காற்று கண்ணில் பட்டுவிட்டது என்றார். பஸ் ஸ்டாண்டில் ஏது மலைக்காற்று.

படப்பிடிப்பு குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் நடந்தது. தோட்டத்துப் பெண்களே பெண்களாக நடித்தார்கள். கங்காணியாக நடித்தவர் வர மறுத்துவிட்டதால், அந்த மல்லுக்கட்டுக்குப் பிறகு கங்காணியை யாரும் எங்கேயும் பார்க்கவில்லை என்று அண்ணன் கதையை மாற்றிக்கொண்டார். எல்லாம் சிக்கனம்தான். பிலிம் ரோல் எண்ணி வாங்கியது. கடைசிக் காட்சிக்கு வந்தபோது நாலு ரோல் மிச்சம் இருந்தது. அக்கா மூன்று நாளில் நாடகத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த நாலு ரோலுக்குள், அந்த மூன்று நாளுக்குள் முடித்தால் படம் உண்டு. இல்லையென்றால் அவ்வளவுதான்.

வேலம்மா தோட்டத்துக்குத் திரும்பி வந்து பெண்கள் முன்னால் நிற்பதுதான் அந்தக் கடைசிக் காட்சி. அதற்கு முதல் நாள் அண்ணன் என்னிடம், பழைய படம் முடிகிறபோது வேலம்மாவின் சேலை முந்தானை இடுப்பில் செருகியிருந்ததா, தொங்கியதா என்று கேட்டார். அந்த ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பனி மறைத்துவிடும். கொட்டகை ஆபரேட்டர் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும் என்று, சாமான் ஏற்றப் போன ஜீப்பில் நான் போடிக்கு இறங்கினேன்.

தாத்தா நான் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு மெசினைத் துடைத்து முடித்தார். பிறகு, “அதுக்கப்புறமும் கொஞ்சம் இருக்கு தாயி” என்றார்.

பரணிலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கினார். அதில் ஒரு சுருள் பிலிம் இருந்தது. முதல் நாள் படத்தை முழுசாகத்தான் ஓட்டினாராம். அன்றைக்கு வந்தவர்கள் வெளியூர் ஏல வியாபாரிகள் கொஞ்சம் பேரும் அவர் வீட்டுக்காரியும்தானாம். படம் முடிவில் கம்பளி போர்த்திய வேலம்மா பாறையிலிருந்து விழுந்து செத்துப்போகிறாள். “என் வீட்டுக்காரி தோட்டத்துல காய் எடுத்தவ. அன்னிக்கு ராத்திரி என்கிட்டப் பேசல. சோறும் பொங்கல. மறுநாள் ஆட்டத்துக்கு முந்தியே வெட்டிப்புட்டேன்” என்றார். வேறு யாருக்கும் தெரியாதாம்.

போடிக்கு வெளியே அந்தப் படம் ஓடிய ஊரிலெல்லாம் வேலம்மா செத்தவள். எங்கள் ஊர் ஒன்றில்தான் அவள் உயிரோடு இருந்தாள். அதை நம்பி நாங்கள் ஒரு படமே எடுத்துக்கொண்டிருந்தோம். தயாரிப்பாளர் ஏன் சிரித்தார் என்பது அப்போது விளங்கியது. இந்தப் படம் மதுரைக்குப் போனால் மொத்தத் தியேட்டரும் அப்படித்தான் சிரிக்கும்.

மறுநாள் காலையில் கேமராவை வைத்தார்கள். சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோசமாக இருந்தார். கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். இந்த ஷாட் முடியட்டும் என்று நினைத்தேன். கை மேலே போகவில்லை. அன்று ஒரு ரோல் முழுதாக ஓடி முடிந்தது. ஊருக்குப் போய்த் திரும்பியவளை வரவேற்பதுபோலப் பெண்கள் வேலம்மாவைச் சிரித்து வரவேற்றார்கள். நான் நோட்டில் பொம்மை போட்டுக்கொண்டே இருந்தேன்.

பிள்ளைகளா, தவறு அதுதான். தெரியாமல் செய்ததாக இருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

சாயங்காலம் நான் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்து அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்ன என்று கேட்டார். அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் அதிர்ந்துபோவார் என்று நினைத்தேன். அவர் தட்டைக் கீழே வைத்தார்.

“எனக்குத் தெரியும்மா” என்றார்.

கதையைக் கேட்டபோது, செத்தவளை எழுப்ப டைரக்டர் ஏதோ வழி வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தாராம். போடி பஸ் ஸ்டாண்டில் அந்த வயதான அம்மா கன்னத்தைத் தடவியபோதுதான் இங்கே யாருக்கும் தெரியாது என்று புரிந்ததாம்.

“எந்த ஊருக்குப் போனாலும் நல்லாச் செத்தீங்கன்னு சொல்லுவாக. இந்த ஊருலதான் எங்க போயிருந்தன்னு கேட்டாக. அவகளப் பார்த்து நான் செத்துட்டேன்னு எப்படிச் சொல்ல? இன்னும் ரெண்டு நாளு. சும்மா இரு தங்கச்சி. வெளியூர்ல சிரிச்சாச் சிரிக்கட்டும்.”

நான் தலையை ஆட்டினேன். அவரும் எழுந்தார். எழுந்தவர் திரும்பி, “செத்தது கூட நான் இல்ல, தெரியுமா? அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். உடம்பு முழுக்கக் கம்பளியச் சுத்திக்கிட்டு எனக்குப் பதிலா யாரோ சண்டைக்காரர் விழுந்தாரு. பேரு எனக்கு” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

காலையில் இரண்டாவது ரோலைக் கேமராவில் மாட்டினார்கள். பெண்கள் வரிசையாக நின்றார்கள். அக்கா என்னைப் பார்க்காமல் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் வாயைத் திறக்கப் போனார். சார் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. இந்த ரோல் ஓடிவிட்டால், அப்புறம் நான் சொல்வது ஊர்வம்பு. நான் கையைத் தூக்கினேன்.

எல்லாம் நின்றது. அண்ணன், “என்ன, கூடை சரியில்லையா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். முந்தானையா என்றார். அதற்கும் தலையாட்டினேன். ஆனால் கையைக் கீழே இறக்கவில்லை. இறக்கினால் கேமரா ஓடிவிடும் என்று பயம்.

“அண்ணே, வேலம்மா செத்துப்போச்சு” என்றேன். அதுதான் வந்தது.

மிச்சத்தை அக்கா சொன்னார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இவள் எப்படியும் கையைத் தூக்குவாள் என்று எதிர்பார்த்து நின்றவர் மாதிரிதான் இருந்தார். அண்ணன் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தார். கோட்டயத்திலிருந்து வந்திருந்த கேமராக்காரர், “மரிச்ச ஆளையா சேட்டா நம்ம இத்தனை நாள் எடுத்தது?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன், “கட்டுங்கப்பா. கீழ போவோம்” என்றார்.

கேமராவைக் கழற்ற ஆரம்பித்தார்கள். எனக்கு அக்கா சொன்ன வார்த்தை ஒன்று மனதில் இடறிக்கொண்டே இருந்தது. விழுந்தது அவர் இல்லை என்றால், விழுந்தவரைப் பார்த்தாக வேண்டும். இரண்டு ஆள் இரண்டு விதம். எங்கேயாவது ஒன்று மாறியிருக்காதா? தரம் பிரிக்கிறவளுக்கு அந்த நினைப்புத்தான் முதலில் வரும். நான் அண்ணனிடம் போய், “துண்டைப் பார்க்கணும்” என்றேன். நானாகப் போய் அவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனாலோ என்னவோ அவர் எழுந்துவிட்டார்.

ஜீப்பில் அண்ணன், அக்கா, நான் மூன்று பேரும் போடிக்கு இறங்கினோம். தாத்தா டப்பாவைக் கொடுத்தார். ஸ்டுடியோ ஜன்னல் வெளிச்சத்தில் பிலிமைத் தூக்கிப் பிடித்து, நெகட்டிவ் திருத்துகிற பூதக்கண்ணாடியை வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். பாறை. பனி. கம்பளி போர்த்திய உருவம் விளிம்புக்கு வருகிறது. முகம் தெரியவில்லை. சாய்கிறது. தலைகீழாகப் போகும்போது கம்பளியின் ஓரம் விலகுகிறது. இரண்டு பாதமும் தெரிகிறது. அதற்கப்புறம் வெறும் பாறைதான். கங்காணி அதற்குப் பிறகு வரவே இல்லை.

நான் திரும்பவும் அந்தப் பாதத்துக்கு வந்தேன்.

“அண்ணே, செருப்பு” என்றேன்.

விழுந்த சண்டைக்காரர் காலில் இருந்த டயர் செருப்பைக் கழற்ற மறந்திருக்கிறார். வேலம்மா படம் முழுக்க வெறுங்காலில் நடந்தவள். அந்தப் படத்தில் டயர் செருப்புப் போட்ட ஆள் ஒருவன்தான். அவள் கம்பளியைப் பிடுங்கினவனும் அவன்தான். பழைய படத்தில் கன்டினியூட்டி பார்த்தவர் யாரோ, தப்பவிட்டிருக்கிறார். அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று அன்றைக்கு மனதுக்குள் கும்பிட்டேன்.

அண்ணன் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அக்கா பார்த்தார். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தார். அக்கா என் கையைப் பிடித்து, “அப்ப நான் சாகலையா?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டது மாதிரி இல்லை.

“இல்லக்கா” என்றேன்.

மறுநாள் மூன்று ரோலில் புதிதாக எடுத்தோம். இந்தத் தடவை வேலம்மாவைக் கண்டதும் பெண்கள் பயந்து பின்னால் போகிறார்கள். ஒருத்தி மட்டும், நீ பாறையிலிருந்து விழுந்ததாகச் சொன்னார்களே என்று கேட்கிறாள். அதற்கு அக்கா சொல்கிற வசனத்தை ஜீப்பில் வரும்போதே அண்ணன் எழுதிவிட்டார். “விழுந்தது என் கம்பளி. உள்ள இருந்தது நான் இல்ல.” அக்கா அதைச் சத்தம் போடாமல், யாரோ வீட்டு விலாசம் கேட்டதற்குச் சொல்வதுபோலச் சொன்னார். ஒரே டேக். முதல் நாள் எடுத்த ரோல் வீண். அதைப் பற்றி அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

விழுகிற அந்தத் துண்டை இரண்டாவது படத்தின் தொடக்கத்தில் சேர்க்கப் பழைய தயாரிப்பாளரிடம் திரும்பவும் அனுமதி கேட்டார். செருப்பைக் காட்டியதும் இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லையாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தடவை பார்த்தாராம். கேமராக்காரர் ஒரு யோசனை சொன்னார். சின்னச் செருப்பு, யாரும் கவனிக்க மாட்டார்கள், விழுகிற இடத்தில் ‘சரக்’ என்று ஒரு சத்தம் சேர்த்துவிடலாம் என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். எங்கள் பெண்கள் பார்த்துவிடுவார்கள் என்று நம்பினேன். சொல்லிவிட்டேனே தவிர, படம் வருகிறவரைக்கும் எனக்கு அதே நினைப்புத்தான். அவர்கள் கவனிக்காமல் போனால், வேலம்மா சாவதைத்தான் முதலில் பார்ப்பார்கள். வசனம் வருகிறவரைக்கும் அவர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

போடியில் ஞாயிற்றுக்கிழமை மேட்டினி ஆட்டத்துக்குப் போட்டார்கள். கொட்டகைக்கு அதற்குள் சுவரும் தகரக் கூரையும் வந்திருந்தன. மலையிலிருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் இறங்கினார்கள். அக்காவும் மதுரையிலிருந்து வந்து, தெரியாமல் இருக்கத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். தாத்தா உள்ளே மெசினில் இருந்தார். அவர் வீட்டுக்காரி எங்களுக்கு முன் வரிசையில் இருந்தாள்.

விளக்கு அணைந்தது. பாறை வந்தது. பனி வந்தது. கம்பளி போர்த்திய உருவம் சாய்ந்து விழுந்தது. முன் வரிசையில் தாத்தாவின் வீட்டுக்காரி அம்மா எழுந்தாள். யாரோ ஒருத்தி அழுகிற சத்தம் ஆரம்பித்தது. அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். அப்போதுதான் கவனித்தேன், என் வலது கை எனக்குத் தெரியாமலே பாதி தூரம் மேலே போயிருந்தது. அங்கே எந்தக் கேமராவை நிறுத்தப் போகிறேனோ.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏய், செருப்பப் பாருங்கடி. அது கங்காணி.”

ஒரு நொடிதான். பிறகு அந்தக் கொட்டகை போட்ட சத்தத்தில் அடுத்து வந்த வசனம் எதுவும் யாருக்குமே கேட்கவில்லை. எழுந்த அம்மா உட்கார்ந்தாள். நான் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.